பிளேட்லெட் குறைவுன்னு ரிப்போர்ட் வந்திருக்கா? பதறும் முன் இதைப் படிங்க!

மழைக்காலம் வந்து காய்ச்சல் பரவ ஆரம்பிச்சா, எல்லார் வீட்டுலயும் ஒரே கேள்விதான்: "பிளேட்லெட் எவ்வளவு இருக்கு?" கல்வராயன் மலையில வெள்ளிமலை பக்கம் இருக்கிறவங்களுக்கு இது இன்னும் பெரிய கேள்வி. எண் குறைஞ்சா, கச்சிராயபாளையம் வழியா கள்ளக்குறிச்சிக்கு மலை இறங்கி வரணுமே! அதனால அந்த எண் என்ன சொல்லுதுன்னு தெரிஞ்சுக்கிறது நல்லது.

பிளேட்லெட்டின் வேலை என்ன?

பிளேட்லெட்டுக்குத் தமிழில் ரத்தத் தட்டணு. ஒரு மைக்ரோ லிட்டர் ரத்தத்தில் 1.5 லட்சம் முதல் 4.5 லட்சம் வரை இருக்கலாம். அதே அளவு ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் சுமார் 4,000 முதல் 11,000 வரைதான். காயம் பட்டா ரத்தக்கசிவை அடைக்கிறது தட்டணு, கிருமியோடு சண்டை போடுறது வெள்ளை அணுன்னு பள்ளிக்கூடத்தில் படிச்சிருப்பீங்க. ஆனா, இந்த ரெண்டும் தனித்தனியா வேலை பார்க்கிறதில்லை.

ரெண்டும் எப்படிக் கைகோக்கும்?

தட்டணு தூண்டப்பட்டதும், உள்ளே இருக்கும் 'பி-செலக்டின்' என்ற புரதத்தை வெளிப்பரப்புக்குக் கொண்டுவரும். இது ஒரு கொக்கி மாதிரி. வெள்ளை அணுவின் மேல் இதுக்குப் பொருந்தும் கண்ணி இருக்கு. ரெண்டும் மாட்டிக்கிட்டதும், பாதிக்கப்பட்ட இடத்துக்கு வெள்ளை அணு போய்ச் சேருறது சுலபமாகிடும். சில நேரம் 'நியூட்ரோஃபில்' என்ற வெள்ளை அணு தன் டி.என்.ஏ-வையே வலை மாதிரி வீசிக் கிருமியைப் பிடிக்கும். 2004-ல் கண்டறியப்பட்ட இந்த வலையை வீசத் தூண்டுறதிலும் தட்டணுவுக்குப் பங்கு இருக்கு.

டெங்குவில் இந்தக் கூட்டணி அளவு மீறிப் போகுது. தட்டணுக்கள் 'மோனோசைட்' என்ற வெள்ளை அணுக்களோடு ஒட்டிக்கிட்டு, அழற்சியைக் கூட்டும். இன்னொரு பக்கம் எலும்பு மஜ்ஜையில் தட்டணு உற்பத்தியும் குறையும். எண்ணிக்கை சரிய இப்படிப் பல காரணங்கள் சேருது.

மெஷினும் ஏமாறும்!

ரத்தம் உறையாம இருக்க, ஊதா மூடி போட்ட டியூபில் இ.டி.டி.ஏ என்ற ரசாயனம் இருக்கும். அபூர்வமா சிலருடைய ரத்தத்தில், இந்த ரசாயனம் பட்டதும் தட்டணுக்கள் நியூட்ரோஃபிலைச் சுத்தி மாலை மாதிரி ஒட்டிக்கும். இன்னும் சிலருக்குத் தட்டணுக்களே ஒண்ணோடொண்ணு திரண்டுடும். அப்படி ஒட்டினதையும் திரண்டதையும் மெஷின் தட்டணுவா எண்ணாது. விளைவு, உடம்பில் போதுமான தட்டணு இருந்தும் ரிப்போர்ட்டில் 'குறைவு'ன்னு வரும்.

இதைக் கண்டுபிடிக்கிறது கஷ்டமில்லை. ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்த்தா தெரிஞ்சிடும். சிட்ரேட் இருக்கும் நீல மூடி டியூபில் ரத்தம் எடுத்து மறுபடி எண்ணியும் பார்க்கலாம்.

நீங்க என்ன செய்யணும்?

* காய்ச்சல், ரத்தக்கசிவு எதுவும் இல்லாம பிளேட்லெட் மட்டும் ரொம்பக் குறைவா வந்தா, "ஸ்மியர் பார்த்தீங்களா?"ன்னு டாக்டர்கிட்ட கேளுங்க.

* காய்ச்சல் இருந்தா, 'மெஷின் தப்பா இருக்கும்'னு நீங்களே முடிவு பண்ணிக் காத்திருக்காதீங்க.

* டாக்டர் சொல்லும் அளவில் பாராசிட்டமால் மட்டும் போதும். ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் வேண்டாம். இவை தட்டணுவின் ஒட்டும் திறனைக் குறைச்சு, ரத்தக்கசிவு அபாயத்தைக் கூட்டும்.

* டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்தானது. பெரும்பாலும் 3-வது நாளிலிருந்து 7-வது நாளுக்குள் இது வரும். ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிஞ்சு ரத்த அழுத்தம் சரியறதுதான் உயிருக்கே உலை வைக்கும்.

* கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறு அல்லது மூக்கில் ரத்தம், மூச்சுத்திணறல், அசாதாரண சோர்வு, சிறுநீர் குறையறது... இதில் ஒண்ணு தெரிஞ்சாலும் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்க. மலைக் கிராமத்தில் இருந்தா, இருட்டுறதுக்குள்ள இறங்கிடுறது நல்லது. அவசரம்னா 108-ஐக் கூப்பிடுங்க.

2019-ல் தனி மாவட்டமான கள்ளக்குறிச்சியில், 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டிருக்கு. அங்கே போகும்போது பழைய ரிப்போர்ட் எல்லாத்தையும் கையோடு எடுத்துட்டுப் போங்க. ஒரு நாள் எண்ணைவிட, நாளுக்கு நாள் அது எப்படி மாறுதுங்கிறதுதான் டாக்டருக்கு அதிகம் உதவும்.