டிரா ஷீட்டில் இரண்டு எழுத்து

இன்னைக்கு நாம பார்க்கப் போறது ஒரு டிரா ஷீட். 2012 விம்பிள்டன், ஆண்கள் இரட்டையர் பிரிவு. 64 ஜோடி, ஆறு சுற்று, மொத்தம் 63 மேட்ச். கோடிங்ல தினமும் பார்க்கிற பைனரி ட்ரீதான் இது. ஆனா இதுல ஜெயிச்ச ஜோடியோட பெயர் பக்கத்துல இருந்த இரண்டு எழுத்துலதான் என் கண் நின்னுச்சு: டபிள்யூ.சி. அதாவது வைல்டு கார்டு.

இரட்டையர் போட்டிக்குள்ள நுழையணும்னா, ரெண்டு பேரோட ரேங்க்கையும் கூட்டிப் பார்ப்பாங்க. கூட்டுத்தொகை குறைவா இருக்கிற ஜோடிகளுக்கு நேரடி இடம். நம்ம இன்ஜினியரிங் கவுன்சிலிங் கட்-ஆஃப் மாதிரி, கோட்டுக்குக் கீழ நின்னா இடம் கிடையாது. ஆனா சில இடங்களை மட்டும் போட்டி நடத்துறவங்க தங்கள் விருப்பப்படி கொடுக்கலாம். பெரும்பாலும் அது உள்ளூர்க்காரங்களுக்குப் போகும். இது சலுகைதானேன்னு கேட்டா, ஆமா, சலுகைதான்.

அந்த வருஷம் அப்படி உள்ளே வந்தவங்க ரெண்டு பேர். ஷெஃபீல்டைச் சேர்ந்த ஜானதன் மரே, வயசு 31. டென்மார்க்கைச் சேர்ந்த ஃபிரெடரிக் நீல்சன், வயசு 28. நீல்சனோட தாத்தா கர்ட் நீல்சன், 1953லயும் 1955லயும் விம்பிள்டன் ஒற்றையர் ஃபைனல் வரைக்கும் போனவர். ரெண்டு முறையும் சீடிங் இல்லாமலே போனார். ரெண்டு முறையும் தோத்தார். 2011ல அவர் இறந்துட்டார். பேரன் அதே மைதானத்துல ஃபைனல் ஆடினது அதுக்கு அடுத்த வருஷம்.

அரையிறுதியில எதிர்ல நின்னவங்க நடப்பு சாம்பியன்களான பிரையன் சகோதரர்கள். நாலு செட்ல மூணு டைபிரேக்கருக்குப் போச்சு. வைல்டு கார்டு ஜோடி ஜெயிச்சது.

ஜூலை 7, சனிக்கிழமை, ஃபைனல். எதிர்ல ராபர்ட் லிண்ட்ஸ்டெட், ஹோரியா டெகாவ். 2010லயும் 2011லயும் இதே ஃபைனல்ல தோத்தவங்க. 4-6, 6-4, 7-6, 6-7, 6-3. அஞ்சு செட் ஆடி, தொடர்ந்து மூணாவது வருஷமும் தோத்தாங்க. விம்பிள்டன் ஆண்கள் இரட்டையர் பட்டத்தை ஒரு வைல்டு கார்டு ஜோடி ஜெயிச்சது அதுதான் முதல் தடவை. 1936க்கு அப்புறம் அந்தப் பட்டத்தை ஜெயிச்ச முதல் பிரிட்டன்காரர் ஜானதன் மரே.

ஆனா பிரிட்டன் காத்துக்கிட்டு இருந்தது மறுநாளுக்கு. ஞாயிற்றுக்கிழமை ஒற்றையர் ஃபைனல்ல ஆண்டி மரே, எதிர்ல ஃபெடரர். ரெண்டு மரேக்களுக்கும் ஆங்கிலத்துல ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். தமிழ்ல எழுதினா அதுவும் இல்லை. ஆண்டி தோத்து அழுதது இன்னைக்கும் பலருக்கு ஞாபகம் இருக்கு. முந்தின நாள் ஜெயிச்ச இன்னொரு மரேயை எத்தனை பேருக்குத் தெரியும்?

அப்புறம் என்ன ஆச்சு? மரேயும் நீல்சனும் வேற கிராண்ட் ஸ்லாம் எதுவும் ஜெயிக்கல. லிண்ட்ஸ்டெட் 2014ல குபோட்டோட சேர்ந்து ஆஸ்திரேலிய ஓபன் ஜெயிச்சார். டெகாவ் 2015ல ரோயரோட சேர்ந்து அதே விம்பிள்டனை ஜெயிச்சார். ரெண்டு பேருக்கும் கோப்பை கிடைச்சது, ஆனா சேர்ந்து இல்ல.

இந்தக் கதையைப் படிச்சதும் "ரேங்க் எல்லாம் சும்மா"ன்னு சொல்லத் தோணுச்சு. யோசிச்சா அது சரியில்ல. ரேங்க் கடந்த 52 வாரத்தோட கணக்கைச் சரியாத்தான் சொல்லுது. அடுத்த ரெண்டு வாரம் என்ன நடக்கும்னு அதுகிட்ட கேட்கிறது நம்ம தப்பு. என்னை உறுத்துறது வேற. மரேகிட்ட பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இருந்ததும் அந்த இடம் கிடைக்க ஒரு காரணம். அதே கோட்டுக்குக் கீழ நின்ன, உள்ளூர்னு சொல்லிக்க ஒரு கிராண்ட் ஸ்லாம் இல்லாத ஜோடிகளோட பெயர் அந்த டிரா ஷீட்லயே இல்ல. அவங்க எப்படி ஆடியிருப்பாங்கன்னு யாராலயும் சொல்ல முடியாது.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.