மண்ணெண்ணெயும் றப்பரும்

1948இல் பிரித்தானியாவில் அறிமுகமான மொறிஸ் மைனரில் ஆறு சக்கரச் சிலிண்டர்கள் உண்டு: முன்சக்கரங்களில் இவ்விரண்டு, பின்சக்கரங்களில் ஒவ்வொன்று. மிதியை அழுத்தினால் பிறேக் எண்ணெய் அவற்றின் பிஸ்டன்களைத் தள்ள, பிறேக் ஷூக்கள் ட்ரம்மின் உட்புறத்தைப் பற்றும். ஆறுக்கும் எண்ணெய்ச் சுற்று ஒன்றே. ஒரு சிலிண்டர் ஒழுகினால் நான்கு சக்கரங்களும் பிடியிழக்கலாம். பழையதை மாற்றியபின் குழாய்க் காற்றையும் முற்றாக வெளியேற்ற வேண்டும்.

1990இல் யாழ்ப்பாணத்தின்மீது பொருளாதாரத் தடை வந்தபின் இத்தகைய பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. எஞ்சின் அதைப் பொறுத்துக்கொண்டது, பிறேக் பொறுக்காது. மண்ணெண்ணெய் பட்டால் சிலிண்டரின் றப்பர் ஊதிப் பழுதாகும். ஓடுவதற்கு மாற்று வழி கிடைத்தது. நிற்பதற்கு அது உதவாது. தடைக்கால வரலாற்றில் மண்ணெண்ணெய்க்கு இடமுண்டு. விரலளவு றப்பருக்கும் இடம் வேண்டும் என்பேன் நான்.