வலியும் அருளும் – செடல் மரத்திலிருந்து பி.டி.எஸ்.எம். வரை

ஆடி மாதம் பிறந்துவிட்டால் போதும், தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கமெல்லாம் தெருவுக்குத் தெரு அம்மன் கோயிலில் மைக் செட் கட்டிவிடுவார்கள். ஒரு பக்கம் கூழ் ஊற்றுவார்கள். இன்னொரு பக்கம் கன்னத்தில் அலகு குத்திக்கொண்டு ஒருவர் ஆடி வருவார். முதுகில் கொக்கி மாட்டிச் சிறு தேரை இழுத்து வருபவர்களும் உண்டு. ஆடிக் கிருத்திகை என்றால் குன்றத்தூர் மலைக்கும் திருப்போரூருக்கும் காவடிகள் கிளம்பும்.

வேடிக்கை பார்ப்பவர்கள் மனதில் முதலில் எழும் கேள்வி, "இவருக்கு வலிக்காதா?" என்பதுதான். கொஞ்சம் யோசித்தால் இரண்டாவது கேள்வியும் வரும். "இவர் மனமொப்பித்தான் இதைச் செய்கிறாரா?" இந்த இரண்டு கேள்விகளுக்கும் நீண்ட வரலாறு இருக்கிறது.

செடல் மரமும் சென்னை அரசும்

அந்தக் காலத்தில் மாரியம்மன் திருவிழாக்களில் செடல் போடுவது வழக்கம். உயரமான கம்பத்தின் மேல் குறுக்காக ஒரு மரம். நேர்ந்துகொண்டவரின் முதுகுச் சதையில் இரும்புக் கொக்கிகளை மாட்டி, அந்த மரத்தில் கட்டி மேலே தூக்கிச் சுற்றுவார்கள். மழை பெய்ய வேண்டும், அம்மை நோய் விலக வேண்டும் என்று ஊரே வேண்டிக்கொள்ளும்.

ஆங்கிலேய அதிகாரிகளுக்கும் பாதிரியார்களுக்கும் இது பெரிய உறுத்தலாக இருந்தது. செடல், தீமிதி இரண்டையும் பற்றி மாவட்ட அதிகாரிகளிடம் கேட்டு வாங்கிய அறிக்கைகளைச் சென்னை அரசு 1854ல் அச்சிட்டது. ஆனால் உடனே தடை போடவில்லை, மக்களிடம் எடுத்துச்சொல்லிக் குறைக்கப் பார்த்தது. வங்காளத்தில் இதே போன்ற சடங்கு 1865ல் தடுக்கப்பட்டது. இங்கே மதுரைப் பக்கம் சோழவந்தானில் 1890களின் தொடக்கத்தில் நடந்த செடல் விழாக்கள் பெரிய சர்ச்சையைக் கிளப்பின. 1894ல்தான் சென்னை மாகாணத்தில் தடைக்கு வழி பிறந்தது.

இந்த விவாதத்தில் வலியை விட அதிகம் அலசப்பட்டது சம்மதம். தொங்குபவர் பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட அல்லது ஏழைச் சாதியினர். சில ஊர்களில் வேறொருவருடைய நேர்த்திக்கடனுக்காகக் கூலி வாங்கிக்கொண்டு தொங்கினார்கள். அது பக்தியா, பிழைப்பா, ஊரின் கட்டாயமா? வரலாற்றாய்வாளர் நிக்கோலஸ் டர்க்ஸ் இந்த ஆவணங்களை ஆராய்ந்து, தொங்கும் மனிதரின் சொந்த விருப்பம் எது என்ற கேள்வியைச் சுற்றியே அரசு திணறியதைக் காட்டுகிறார்.

செடல் அதோடு ஒழிந்துவிடவில்லை. சில ஊர்களில் மனிதருக்குப் பதில் ஆட்டையோ பொம்மையையோ தொங்கவிட்டார்கள். இன்றைய பறவைக்காவடியும் யாழ்ப்பாணத்துத் தூக்குக்காவடியும் அதன் உறவுகளே.

கடல் கடந்த காவடி

அமெரிக்காவில் ரோலண்ட் லூமிஸ் (1930–2018) என்று ஒருவர் இருந்தார். சிறுவயதில் நேஷனல் ஜியாகிரபிக் போன்ற இதழ்களின் படங்களைப் பார்த்து, உடலைத் துளைக்கும் சடங்குகள் மேல் ஈர்ப்புக் கொண்டார். பிற்பாடு ஃபக்கீர் முசாபர் என்று பெயர் சூட்டிக்கொண்டு, அமெரிக்கப் பழங்குடியினரின் கொக்கிச் சடங்குகளையும் நம்மூர் வேல் காவடியையும் தானே செய்து பார்த்தார். 1985ல் வந்த ஓர் ஆவணப்படமும் 1989ல் வந்த 'மாடர்ன் பிரிமிட்டிவ்ஸ்' என்ற நூலும் அவரைப் பிரபலமாக்கின.

அவர் வழியாக இந்தச் சடங்குகள் போய்ச் சேர்ந்த இடங்களில் ஒன்று பி.டி.எஸ்.எம். குழுக்கள். வயது வந்தவர்கள் முன்கூட்டியே பேசி ஒப்புக்கொண்டு, கட்டுதல், ஆணைக்குக் கட்டுப்படுதல், வலி கொடுத்தல், வலி பெறுதல் ஆகியவற்றில் ஈடுபடும் பழக்கத்துக்குத்தான் பி.டி.எஸ்.எம். என்று பெயர். முருகனை அறியாத ஊரில் காவடி போனதே என்று சிலர் வருத்தப்படலாம், அது நியாயமும் கூட. ஆனால் அங்கே இருந்தவர்களும் நம்மூர்க்காரர் சொல்வதையே சொன்னார்கள்: "வலி ஒரு கட்டத்தில் தெரியவில்லை, நேரம் போனதே தெரியவில்லை."

ஆய்வுகள் சொல்வது என்ன?

மலேசியத் தைப்பூசத்தின் அருள்நிலை பற்றி உளவியலாளர் கொலீன் வார்ட் 1984லேயே எழுதினார். பிறகு நார்தர்ன் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பிராட் சாகரின் குழுவினர் பி.டி.எஸ்.எம். பற்றி ஆராய்ந்தார்கள். உடலில் கொக்கிகளையோ எடைகளையோ மாட்டிக்கொண்டு மேளத்துக்கு ஆடும் 'ஆன்மாக்களின் நடனம்' என்ற மூன்றரை மணி நேர நிகழ்ச்சி பற்றிய அவர்களின் கட்டுரை 2016ல் வெளிவந்தது.

அவர்கள் வைத்த சோதனை எளிமையானது. 'சிவப்பு' என்ற சொல் பச்சை மையில் எழுதியிருக்கும். சொல்லைப் படிக்காமல் நிறத்தைச் சொல்ல வேண்டும். இதற்கு மூளையின் முன்பகுதி விழிப்பாக வேலை செய்ய வேண்டும். சடங்கின்போது பங்கேற்றவர்கள் இதில் தடுமாறினார்கள். முன்மூளை தற்காலிகமாக ஓய்வெடுக்கிறது, அதனால்தான் 'நான்' என்ற நினைப்பும் நேர உணர்வும் மங்குகின்றன என்பது இதற்கான விளக்கம்.

ஆச்சரியம் என்னவென்றால், கொக்கி மாட்டாத மேளக்காரர்கள், உதவியாளர்கள், பார்வையாளர்களிடமும் இதே மாற்றம் தெரிந்தது! துளைத்துக்கொண்டவர்களுக்கு உடலில் அழுத்த ஹார்மோன் கூடியது, மற்றவர்களுக்குக் குறைந்தது. ஆனால் மனதளவில் இரு தரப்பும் ஒரே மாதிரி இலேசானார்கள், நெருக்கம் கூடியதாகச் சொன்னார்கள்.

மொரீஷியஸ் தைப்பூசத்தில் டிமிட்ரிஸ் சிகாலாட்டஸ் குழு செய்து 2013ல் வெளியிட்ட ஆய்வும் இதற்கு ஒத்துப்போகிறது. வெறும் கூட்டு வழிபாட்டுக்கு வந்தவர்களைவிட, காவடி எடுத்தவர்களும் அவர்களோடு கூடவே நடந்தவர்களும் தாராளமாக நன்கொடை கொடுத்தார்கள்.

காப்பு முதல் மலையேறும் வரை

இதை நம் ஊர்ப் பெரியவர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். அருள் தனியாளுக்கு வருவதில்லை என்பது அவர்களுக்குத் தெரிந்ததுதானே! முதலில் காப்புக் கட்டுவார்கள், விரதம் இருப்பார்கள். பழகிய கை அலகு குத்தும். பம்பையும் உடுக்கையும் முழங்கும். முதுகுக் கயிற்றை ஒருவர் பிடித்துக்கொண்டே வருவார். சாமி மலையேறியதும் ஆள் சரிந்துவிடாமல் தாங்கி, திருநீறு பூசி, தண்ணீர் கொடுக்கப் பக்கத்தில் ஆள் இருக்கும்.

பி.டி.எஸ்.எம். குழுக்களிலும் முன்பேச்சு உண்டு. எப்போது வேண்டுமானாலும் நிறுத்த ஒரு சொல் உண்டு. முடிந்ததும் கவனித்துக்கொள்வதும் கட்டாயம். இரண்டும் ஒன்றல்ல. ஒன்று கடவுளுக்குச் செலுத்தும் கடன், மற்றது இருவருக்கிடையிலான விருப்பம். ஆனால் தன்னை மறக்கும் ஒருவர் அதற்கு முன் யாரையாவது நம்பியாக வேண்டும் என்பது இரண்டுக்கும் பொது.

சட்டமும் சம்மதமும்

இங்கிலாந்தில் 1993ல் பிரபுக்கள் சபை, சம்மதத்துடன் வலி கொடுத்துக்கொண்ட ஆண்களின் வழக்கில் சம்மதம் ஒரு தற்காப்பு ஆகாது என்று 3-2 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. இந்தியாவில் 1860ன் தண்டனைச் சட்டம் 87வது பிரிவு, 18 வயது நிறைந்தவர் ஒப்புக்கொண்ட செயல், மரணமோ கொடுங்காயமோ விளைவிக்கும் நோக்கமோ அப்படி நேரக்கூடும் என்ற அறிவோ இல்லாதபோது, குற்றமாகாது என்றது. விளையாட்டு வாள்சண்டையை உதாரணமாகவும் காட்டியது. 2024 ஜூலை முதல் இது பாரதிய நியாய சன்ஹிதாவின் 25வது பிரிவு.

ஆனால் சோழவந்தான் எழுப்பிய கேள்வியைச் சட்டப் பிரிவு மட்டும் தீர்த்துவிடாது. கூலிக்காகத் தொங்கியவரும் 'சரி' என்றுதான் சொன்னார். மறுத்திருந்தால் ஊர் அவரை என்ன செய்திருக்கும்? வேண்டாம் என்று சொல்லவும் பாதியில் இறங்கிவிடவும் முடிந்தால்தான் அது சம்மதம். கோயில் தெருவானாலும் மூடிய அறையானாலும் பார்க்க வேண்டியது அதைத்தான்.