நெஞ்சுநோயும் நடையும்

திருக்குறளின் மருந்து அதிகாரம் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கின்றது. நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பணிபுரிபவன் என்பன அவை. உணவின் அளவைப் பல குறள்களில் வற்புறுத்தும் அவ்வதிகாரம் உடற்பயிற்சியைப் பற்றித் தனியே யாதும் கூறவில்லை. நெஞ்சுநோய்க்கு நடையே மருந்தென நம் முன்னோர் கண்டனர் என மேடையில் முழங்குவோர் இதனை உளங்கொள்ள வேண்டும். இல்லாத பெருமையை ஏற்றுவது பழமைக்குச் செய்யும் சிறப்பாகாது.

இம்முறையின் எழுத்துச் சான்றுகளை யாம் மேனாட்டு மருத்துவ நூல்களிலேயே காண்கின்றோம். நடக்குங்கால் நெஞ்சை இறுக்கி, நின்றால் நீங்கும் வலியை வில்லியம் எபர்டன் என்னும் ஆங்கில மருத்துவர் 1772இல் விளக்கி வெளியிட்டார். அவர் மறைந்தபின் 1802இல் வெளிவந்த நூலில், நாள்தோறும் அரைமணி நேரம் மரம் அறுத்து, ஏறத்தாழ முழு நலம் பெற்ற ஒரு நோயாளியைக் குறித்துள்ளார். 1854இல் டப்ளின் நகர் வில்லியம் இசுடோக்சு, படிப்படியாக மிகும் நடையை இதயநோயாளர் சிலர்க்குப் பரிந்துரைத்தார்.

இக்கருத்து வளராது பின்னிட்டமை வியப்பிற்குரியது. 1912இல் எரிக் என்பார் மாரடைப்பின் இயல்பைத் தெளிவுறுத்தினார். நலிந்த தசை வடுவாக இறுகும் வரை அசைதல் கேடென்னும் அச்சம் பரவிற்று. நோயாளியை ஆறு முதல் எட்டு வாரம் படுக்கையிலேயே கிடத்துதல் வழக்கமாயிற்று. கால்நாளங்களில் குருதி உறைந்து நுரையீரலை அடைத்து உயிர் கொண்டதும் உண்டு. 1952இல் இலெவினும் இலவுனும் நோயாளியை நாற்காலியில் அமர்த்தலாம் என்று எழுதியதே அந்நாளில் துணிவாகக் கருதப்பட்டது! மதுரை மருத்துவக் கல்லூரி தோன்றிய 1954ஆம் ஆண்டு இம்மாற்றம் அரும்பிய காலமே ஆகும்.

ஈண்டுச் சொல்லாராய்ச்சி ஒன்று பொருந்தும். தொல்காப்பிய உரியியல், ஓய்தல் என்னுஞ் சொல்லுக்கு, முன்பிருந்தது சுருங்குதல் என்னும் பொருள்பட விதி கூறும். உடலியலார் முடிபும் இதனோடு ஒத்து நிற்றல் காண்க. நீடித்த இதயத் தளர்ச்சியில் களைப்பிற்குக் காரணம் இதயம் மட்டுமன்று. பயன்படுத்தப்படாமல் மெலிந்த கால்தசையும் ஆகும். பயிற்சி அத்தசையை மீட்கின்றது.

அதன் பயன் எத்துணை? 2009இல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வொன்றில், இதயத் தளர்ச்சியுற்ற 2,331 பேர் கலந்துகொண்டனர். பயிற்சி தீங்கற்றது என்பது உறுதியாயிற்று. வாழ்வின் நலமும் சிறிது உயர்ந்தது. இறப்பும் மருத்துவமனைச் சேர்க்கையும் சேர்ந்த முதன்மைக் கணக்கிலோ, ஐயத்திற்கிடமற்ற வேறுபாடு கிட்டவில்லை. இந்தியாவில் 24 மருத்துவமனைகளில் மாரடைப்புற்ற 3,959 பேரிடம் யோகப் பயிற்சி ஆராயப்பட்டு 2020இல் முடிபு வெளிவந்தது. அங்கும் பெருந்தீங்குகள் உறுதியாகக் குறைந்தன எனக் காட்ட இயலவில்லை. ஆயினும், முன்செய்த தொழிலுக்கும் பணிகளுக்கும் மீளும் ஆற்றல் மிகுந்தது.

இப்பிற்பயனைச் சிறிதென்று தள்ளுதல் தகாது என்பது எம் கருத்து. உசிலம்பட்டியிலோ மேலூரிலோ கூலிக்கு உழைக்கும் ஒருவர்க்கு மாரடைப்பு வந்தால், குடத்தை எடுக்காதே, வயலுக்குப் போகாதே என வீட்டார் அன்பினாலேயே தடுப்பர். நோய் கொண்ட கூலியைவிட அத்தடை கொள்ளும் கூலி மிகுதியாதலும் கூடும். அவர்க்கு எவ்வளவு, எப்பொழுது என அளந்து சொல்லும் பயிற்சியாளரே வேண்டும். குறள் கூறிய நான்காம் கூறு இவரே எனலாம். 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் இயன்முறை மருத்துவரை இல்லத்திற்கே அனுப்புகின்றது. இதயநோயாளரின் பயிற்சியையும் அவர்பால் முறையாக ஒப்படைத்தல் அரிதன்று.

நகரத்தார்க்கு இடம் பற்றிய குறையில்லை. 2023 நவம்பரில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை வகுக்கும் திட்டம் தொடங்கப்பெற்றது. எட்டு என்னும் எண் நோயாளரை அச்சுறுத்தவும் கூடும். வண்டியூர்த் தெப்பக்குளத்தை ஒருமுறை வலம்வரின் ஏறத்தாழ முக்கால் மைல் ஆகும். மருத்துவர் சோதித்து இசைவளித்தபின், அதிற் பாதியே தொடக்கத்திற்குச் சாலும். மதுரை வெயிலுக்கு அஞ்சி விடியலில் நடத்தல் நன்று. நடந்துகொண்டே உடன் வருவாரோடு பேச இயலவேண்டும். சொல் தடைப்படின் வேகத்தைக் குறைக்கவேண்டும். நெஞ்சு வலிப்பின் அக்கணமே நின்றுவிடவேண்டும்.