குண்டு விழுந்த பண்ணை வீடு



யுத்த வரலாறு என்றதும் ஆணையிட்ட தலைவர்களின் பெயர்கள்தாம் நம் நினைவுக்கு வருகின்றன. அந்த ஆணைகளை நிறைவேற்றியவர்களோ இருபது, இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள். வீட்டில் மனைவியையும், பிறக்கப் போகும் குழந்தையையும் விட்டுவிட்டுப் போனவர்கள். அவர்களுள் ஒருவரான ஜார்ஜ் மெக்கவர்ன் என்பவரின் வாழ்க்கையை இன்று நாம் பார்ப்போம்.

அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில் 1922-ஆம் ஆண்டு ஜூலை 19-ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தை ஒரு பாதிரியார். சுற்றிலும் விவசாயக் குடும்பங்கள். 1930-களில் வறட்சியும் புழுதிப் புயலும் விலை வீழ்ச்சியும் அந்த மக்களை வாட்டின. பன்றிகளை விற்றுக் கிடைத்த பணம் லோரிக் கூலிக்கே சரியாய்ப் போயிற்று என்று ஒரு விவசாயி கண்ணீர் விட்டதைச் சிறுவன் ஜார்ஜ் நேரில் கண்டான். உழைத்தவன் கை வெறுமையாகத் திரும்புவது எத்தகைய துயரம் என்பதை அன்றே அவன் அறிந்துகொண்டான்.

யுத்தம் வந்தது. ஜார்ஜ் விமானப் படையில் சேர்ந்தார். பயிற்சி முடியும் முன்னரே, 1943 அக்டோபர் 31-இல், தம் ஊர்ப் பக்கத்துப் பெண்ணான எலினோரை மணந்தார். பயிற்சி முகாம் மாறும்போதெல்லாம் எலினோரும் கூடவே சென்றார். பின்னர் ஜார்ஜ் இத்தாலிக்கு அனுப்பப்பட்டபோது எலினோர் கருவுற்றிருந்தார். கணவர் தம் விமானத்திற்கு மனைவியை நினைத்து ‘டகோட்டா குயின்’, அதாவது டகோட்டா அரசி என்று பெயரிட்டார்.

அது ‘லிபரேட்டர்’ வகைக் குண்டுவீச்சு விமானம். நான்கு இயந்திரங்கள், சுமார் பத்துப் பேர் கொண்ட குழு. அந்தப் பத்துப் பேர் உயிரும் விமானி கையில். இருபதாயிரம் அடிக்கு மேலே பறக்கும்போது உள்ளே பனிக்கட்டிக் குளிர். பிராணவாயு முகமூடி இல்லாவிட்டால் மூச்சே இல்லை. கீழிருந்து பீரங்கிகள் சுடும். ஜெர்மனியின் எண்ணெய் ஆலைகளையும் ரயில் நிலையங்களையும் தாக்க, இத்தாலியின் செரிஞோலாவிலிருந்து ஜார்ஜ் 35 முறை பறந்தார். 1944 டிசம்பரில் ஒருமுறை விமானம் பலத்த சேதமடைந்தது. இத்தாலி வரை போய்ச் சேர முடியாது என்ற நிலையில், ஏட்ரியாட்டிக் கடலிலுள்ள வீஸ் என்னும் சிறு தீவின் குட்டையான ஓடுபாதையில் இறக்கி, குழுவினர் அனைவரையும் காப்பாற்றினார். அதற்காக வீரப் பதக்கம் பெற்றார்.

ஆனால், நேயர்களே, அவர் மனத்தைவிட்டு நீங்காத நாள் அதுவன்று. 1945 மார்ச்சில் ஒரு நாள், தாக்குதல் முடிந்து திரும்பும்போது ஒரு குண்டு விழாமல் விமானத்திலேயே சிக்கிக்கொண்டது. அதனோடு தரையிறங்கினால் எல்லாரும் மாள வேண்டியதுதான். குழுவினர் பாடுபட்டு அதை விடுவித்தார்கள். அது நேராக ஆஸ்திரியாவில் ஒரு பண்ணை வீட்டின்மேல் விழுந்து வெடித்தது. ஜார்ஜ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நண்பகல். பண்ணைக் குடும்பங்கள் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் வேளை என்பது நாட்டுப்புறத்தில் வளர்ந்த அவருக்குத் தெரியாதா?

தளத்திற்குத் திரும்பியபோது ஒரு செய்தி காத்திருந்தது: எலினோருக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது! தமக்கு ஒரு குழந்தை பிறந்த செய்தி கேட்ட நாளிலேயே வேறொருவர் குழந்தைகளைக் கொன்றுவிட்டோமோ என்ற வேதனை நாற்பது ஆண்டுகள் அவரைத் தொடர்ந்தது.

யுத்தம் முடிந்தபின் அவர் வரலாற்றுப் பேராசிரியரானார். பின்பு அரசியலில் இறங்கினார். இத்தாலியில் பசித்த குழந்தைகள் கையேந்தி நின்றதை அவர் மறக்கவில்லை. 1961-இல் அதிபர் கென்னடி அவரை ‘அமைதிக்கு உணவு’ திட்டத்தின் இயக்குநராக நியமித்தார். உலக நாடுகள் கூடி உணவு உதவி செய்ய வேண்டும் என்று அவ்வாண்டே ரோமாபுரியில் அவர் முன்மொழிந்தார். அதிலிருந்துதான் ஐக்கிய நாடுகளின் உலக உணவுத் திட்டம் பிறந்தது. வியட்நாம் யுத்தத்தை எதிர்த்து 1972-இல் அதிபர் தேர்தலில் நின்று பெருந்தோல்வி கண்டார். எதிரணியினர் அவரைத் துணிவற்றவர் போலச் சித்திரித்தபோதும், தம் 35 பயணங்களை அவர் பறைசாற்றிக்கொள்ளவில்லை.

1985-இல் ஆஸ்திரியத் தொலைக்காட்சியில் அந்தப் பண்ணை வீட்டைப் பற்றி மனம் திறந்து பேசினார். ஒளிபரப்பைக் கண்ட ஒரு முதியவர் நிலையத்திற்குத் தொலைபேசியில் அழைத்தார். அந்த வீடு அவருடையதுதான்! விமானம் வருவதைக் கண்டு மனைவியையும் மூன்று மகள்களையும் வெளியே இழுத்து வந்து பள்ளத்தில் பதுங்கியதாகவும், ஒருவருக்கும் காயமில்லை என்றும் சொன்னார். ஹிட்லரை வெறுத்தவர் தாம் என்றும், அந்தக் குண்டினால் யுத்தம் ஒரு நிமிடமாவது சீக்கிரம் முடிந்திருக்குமானால் வீடு போனது பெரிதல்ல என்றும் கூறினார். நாற்பதாண்டுச் சுமை அன்று இறங்கியது.

ஆனால் வேறொரு துயரம் காத்திருந்தது. அவருடைய மகள் டெரீசா மதுப் பழக்கத்திற்கு ஆளாகி, 1994 டிசம்பரில் கொட்டும் பனியில் விழுந்து மடிந்தாள். குடி, செனட்டர் வீடா லயத்து வீடா என்று பார்த்துக் கதவைத் தட்டுவதில்லை. அரசியல் தம்மை வீட்டிலிருந்து பிரித்து வைத்ததையும், கடைசி மாதங்களில் பிறர் ஆலோசனைப்படி மகளிடமிருந்து சற்று விலகியிருந்ததையும் எண்ணி அவர் வருந்தினார். குடிநோயில் சிக்கியவர்களிடம் அன்பை மட்டும் நிறுத்தாதீர்கள் என்ற கருத்தோடு 1996-இல் ஒரு நூல் எழுதினார்.

2002-இல், ஏழை நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு உணவளிக்கும் அமெரிக்கத் திட்டம் ஒன்றுக்கு அவர் பெயரும், எதிர்க்கட்சிக்காரரான பாப் டோல் பெயரும் இடப்பட்டன. டோலும் அதே இத்தாலியில் போரிட்டுக் கை ஊனமானவர். இருவருக்கும் 2008-இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. 2012 அக்டோபர் 21-இல் மெக்கவர்ன் காலமானார்.

நேயர்களே, வானிலிருந்து குண்டு போட்ட கைதான் பிற்காலத்தில் சோறு போட்டது. வீட்டாருக்குக் கொடுக்கத் தவறிய நேரத்தை மட்டும் அந்தக் கையால் திருப்பிக் கொடுக்க இயலவில்லை. வேலை முடிந்து களைத்து வீடு திரும்பும் நாம், பிள்ளைகளோடு இன்றிரவு சிறிது நேரம் உட்கார்ந்து பேசுவோம்.