பிறப்பின் பின் தூரும் குருதி வழிகள்

கருவிலுள்ள சிசு மூச்செடுப்பதில்லை. அதன் குருதி ஒட்சிசனைப் பெறுவது சூல்வித்தகத்தின் வாயிலாகவேயாம். ஆதலின், பிறந்தபின் வேண்டப்படாத சில வழிகள் அதன் உடலில் அமைந்துள்ளன. கொப்பூழ் நாளம் ஒன்று தூய குருதியைக் கொணர, கொப்பூழ் நாடிகள் இரண்டு பயன்பட்ட குருதியை மீளக் கொண்டு செல்லும். ஈரலைத் தவிர்த்துச் செல்ல ஒரு நாளக்கான். வலச் சோணையறையிலிருந்து இடச் சோணையறைக்கு ஒரு நீள்வட்டத் துளை. நுரையீரல் நாடியையும் பெருநாடியையும் இணைக்க ஒரு நாடிக்கான். முதல் மூச்சு உட்சென்று கொடியும் அறுபட்டபின் இவை தம் தொழிலை இழக்கின்றன. கான்கள் தூர்ந்து நார்களாகின்றன. துளை மூடிக் குழியாகின்றது. கொப்பூழ் நாடிகளின் அடிப்பகுதி மட்டும் மூத்திரப்பைக்குக் குருதி வழங்கிக்கொண்டு வாழ்நாள் முழுதும் நிலைக்கின்றது.

இத்துளையையும் நாடிக்கானையும் கி.பி. 2 ஆம் நூற்றாண்டிலேயே கேலன் என்னும் கிரேக்க மருத்துவர் அறிந்திருந்தார். விலங்குகளை அறுத்து ஆராய்ந்த அவர், பிறப்பின் பின் துளை மூடுவதையும் கான் சுருங்கி வற்றுவதையும் எழுதிவைத்தார். எனினும், வளர்ந்தோரின் இதயவறைகளுக்கு இடையேயுள்ள சுவரிற் கண்ணுக்குப் புலனாகாத நுண்டுளைகள் உளவென்றும் அவரே போதித்தார். மூடுகின்ற துளையைக் கண்டவர், இல்லாத துளைகளை நம்பியது வியப்பே. பின்வந்தோர் 1,300 ஆண்டுகளுக்கு மேலாகப் பற்றிக்கொண்டது அந்தப் பிழையையேயாம்.

1564 இல் இத்தாலியரான பொத்தாலோ, குருதி இதயத்தின் வலப்புறத்திலிருந்து இடப்புறஞ் செல்லும் வழியைத் தாமே கண்டதாகப் பாரிசில் அறிவித்தார். அவர் கண்டது கேலன் முன்னரே கூறிய நீள்வட்டத் துளை. அதனினும் விந்தை, பிற்காலத்தார் அவர் பெயரை நாடிக்கானுக்கும் சூட்டியமை. அதே ஆண்டில், பொலோஞ்ஞா நகரத்து அரான்சியோ கருவைப்பற்றி ஒரு நூல் வெளியிட்டார். ஈரலின் நாளக்கான் அவர் பெயரைப் பெற்றது.

இவ்வழிகளின் உட்பொருளை நன்குணர்ந்தவர் வில்லியம் ஹாவி. 1628 இல் வெளியான தமது நூலில் அவர் கருவையே சான்றாகக் காட்டினார். நுரையீரல் தொழிற்படாத கருவில் குருதி நாளங்களிலிருந்து நாடிகளுக்குச் செல்லத் திறந்த வழிகள் உள. அவை மூடியபின் அது நுரையீரலினூடாகவன்றி வேறெவ்வாறு செல்லும் என்பது அவர் வாதம். நுண்டுளைகளுக்கு அங்கே வேலையில்லாது போயிற்று.

சிலரில் நாடிக்கான் தூர்வதில்லை. அப்போது பெருநாடிக் குருதி நுரையீரல் நாடிக்குத் திரும்பிப் பாய, இதயம் மிகையாக உழைத்துத் தளரும். 1938 ஓகஸ்ட் 26 ஆந் திகதி, பொஸ்ரன் நகரில், 33 வயதினரான றொபேட் குறோஸ் 7 வயதுச் சிறுமி ஒருத்தியின் கானைக் கட்டி மூடினார். சிறுமி உயிர் தப்பினாள். இதற்கு மறுதலையாக, சில நீலக் குழந்தைகள் கான் தூரும்போதே நலிவுறுவதை ஹெலன் ரௌசிக் கண்டார். அக்கானையொத்த செயற்கை இணைப்பொன்றை 1944 இல் பிளலொக் என்பார் போல்ரிமோரிற் சத்திரசிகிச்சையால் அமைத்தார். விவியன் தோமஸ் என்னும் கறுப்பின ஆய்வுகூட உதவியாளர் அம்முறையை நாய்களிற் பயின்று வகுத்துக் கொடுத்தவர். அவர் பங்கு நெடுங்காலம் பேசப்படவில்லை.

பொத்தாலோவின் பெயரோ, அவர் கண்டறியாத அந்தக் கானுக்கு ஜேர்மன் மருத்துவ நூல்களில் இன்றும் வழங்குகின்றது.