வண்டி வருவதற்கு முந்தைய நிமிடங்கள்: சென்னை மேற்குப் புறநகரும் இதய நிறுத்தச் சிகிச்சையின் வரலாறும்

'மாரடைப்பு' என்ற ஒரே சொல்லால் இரண்டு நிகழ்வுகளைக் குறிக்கிறோம். இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபடுவது ஒன்று. அப்போது நோயாளி நெஞ்சைப் பிடித்துக்கொள்வார், வியர்த்துக் கொட்டும், ஆனால் பேசுவார். இதயம் துடிப்பையே நிறுத்துவது மற்றொன்று. விழுந்தவரைத் தட்டிக் கூப்பிட்டாலும் அசைவு இருக்காது. முதலாவது இரண்டாவதில் போய் முடியலாம் என்றாலும் இரண்டுக்கும் கால அளவு வேறு. அடைப்புக்கு மணிக்கணக்கில் அவகாசம் உண்டு. துடிப்பு நின்றவருக்கோ, நெஞ்சை அழுத்தாமலும் மின்னதிர்ச்சி கொடுக்காமலும் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பில் 7 முதல் 10 விழுக்காட்டைப் பறித்துவிடுகிறது. தமிழ்நாட்டின் அவசர ஊர்தி வரலாறு முதலாவதை நன்றாகவே எதிர்கொண்டது; இரண்டாவதற்கு இன்னும் வந்து சேரவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கைகளால் நெஞ்சை அழுத்தியே ரத்த ஓட்டத்தைத் தக்கவைக்கலாம் என்று கௌவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் ஆகிய மூவரும் 1960இல் பால்டிமோரிலிருந்து எழுதினார்கள். அவர்களில் மூத்தவரான கௌவன்ஹோவன் ஒரு மின்பொறியாளர். 1966இல் பெல்ஃபாஸ்ட் மருத்துவர் ஃபிராங்க் பான்ட்ரிட்ஜ், கார் பேட்டரியில் இயங்கும் டிஃபிப்ரிலேட்டரை, அதாவது இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவியை, ஆம்புலன்ஸில் ஏற்றினார். அதன் எடை ஏறத்தாழ 70 கிலோ. நோயாளி மருத்துவமனைக்கு வரும்வரை காத்திருந்த சிகிச்சை, அன்று அவர் வீட்டுவாசலுக்குக் கிளம்பியது. அடுத்த ஆண்டே அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் வேலையற்ற கறுப்பின இளைஞர்களுக்குப் பீட்டர் சஃபார் வகுத்த பயிற்சி தொடங்கியது. மருத்துவர் அல்லாதவரும் தெருவில் உயிர்காக்க முடியும் என்பதை அவர்கள் செய்து காட்டினார்கள்.

நம் பக்கம் அந்த மாற்றம் வர நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 108 ஆம்புலன்ஸ் சேவை 2005 ஆகஸ்ட் 15 அன்று ஹைதராபாத்தில் தொடங்கி, 2008 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாட்டுக்கு வந்தது. அதற்கு முன் சென்னையின் மேற்குப் புறநகரான அம்பத்தூரின் தொழிற்பேட்டையில் ஒருவர் மயங்கி விழுந்தால் ஆட்டோதான், இல்லையென்றால் கம்பெனி வேன்தான். 108 வண்டியில் ஓட்டுநரோடு மருத்துவ உதவியாளர் ஒருவரும் வந்தார். செவிலியரோ அறிவியல் பட்டதாரியோ ஏறத்தாழ 50 நாள் பயிற்சி பெற்று இப்பணிக்கு வருகிறார்கள். மேலைநாட்டுப் பாராமெடிக் ஓராண்டுக்கு மேல் படிக்கிறார். இந்த வேறுபாட்டைக் குறையாக மட்டும் பார்ப்பது நியாயமில்லை. பிரசவத்துக்கும் சாலை விபத்துக்கும் மாநிலம் முழுக்க வண்டி வேண்டியிருந்தது. அந்த அவசரத்துக்கு இந்த ஏற்பாடு ஈடு கொடுத்தது.

அடுத்த கட்டத்தின் ஒரு வேர் அம்பத்தூரை ஒட்டிய முகப்பேரில் இருக்கிறது. அங்குள்ள மெட்ராஸ் மெடிக்கல் மிஷனின் இதயநோய் நிபுணர் அஜித் முள்ளசேரியும் கோவையின் தாமஸ் அலெக்சாண்டரும் இணைந்து, சிறிய மருத்துவமனைகளையும் ஆஞ்சியோகிராம் வசதியுள்ள பெரிய மருத்துவமனைகளையும் 108 வண்டிகளால் கோக்கும் முறையை வகுத்தார்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி அருகிலேயே. பிறகு பெரிய மருத்துவமனைக்குப் பயணம். அம்முறையைச் சோதிக்க 2012இல் தொடங்கிய ஆய்வில் 2,420 நோயாளிகள் சேர்க்கப்பட்டார்கள். ஓராண்டுக்குள் இறந்தோர் விகிதம் 17.6 விழுக்காட்டிலிருந்து 14.2ஆகக் குறைந்தது. 2023இல் வந்த 'இதயம் காப்போம்' திட்டமும் இதே தடத்தில்தான் நடக்கிறது: ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரைகளைக் கொடுத்து மேல்சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள்.

இவை இரண்டும் அடைப்புக்கான சிகிச்சைகள். துடிப்பு நின்றவரால் மாத்திரை விழுங்க முடியாது.

அவருடைய நிமிடங்களை மேற்குப் புறநகரின் சாலையில் வைத்துப் பார்க்கலாம். சென்னை–அரக்கோணம் ரயில் பாதை அம்பத்தூரையும் ஆவடியையும் இரண்டாகப் பிளந்து போகிறது. சி.டி.எச். சாலையில் மாலை நேரத்தில் சைரனுக்கு வழிவிட நினைப்பவருக்கும் ஒதுங்க இடம் இருக்காது. பூந்தமல்லி சாலையை மெட்ரோ பணிகள் ஆண்டுக்கணக்கில் குறுக்கிவைத்தன. எல்லாம் கூடிவந்து பத்தே நிமிடத்தில் வண்டி வந்துவிட்டது என்று வைத்துக்கொண்டாலும், மேலே சொன்ன கணக்குப்படி பெரும்பகுதி வாய்ப்பு கரைந்திருக்கும். அதற்குப் பிறகு மாடிப்படி இருக்கிறது. லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி, ஸ்ட்ரெச்சர் திரும்பாத வளைவு. படியில் இறக்கும்போது நெஞ்சை அழுத்த முடியாது. ஓடும் வண்டியில் நின்றபடி அழுத்தினால் ஆழமும் சீரும் கெடும். ஆகவே விழுந்த இடத்திலேயே, மெத்தையிலிருந்து தரைக்கு இறக்கி, வியர்வையைத் துடைத்து டிஃபிப்ரிலேட்டரின் பட்டையை ஒட்டி அதிர்ச்சி கொடுப்பதுதான் சரியான சிகிச்சை. டிஃபிப்ரிலேட்டர் உயர்நிலை உயிர்காப்பு வண்டிகளில் இருக்கிறது. எல்லா வண்டிகளும் அந்த வகை அல்ல.

இந்திய மயக்கவியலாளர்கள் 2017இல் பொதுமக்களுக்கென ஒரு நெறிமுறை வெளியிட்டார்கள். வாயோடு வாய் வைத்து ஊத வேண்டாம், அழுத்தினால் போதும் என்றது அது. முன்பின் தெரியாதவரின் வாயில் வாய் வைக்கத் தயங்கும் நம் ஊருக்கு ஏற்ற நெறி இதுவே என்பது என் உறுதியான கருத்து. இதை வீடுகளுக்குள் கொண்டுசேர்க்கும் வழி தொலைபேசி. அமெரிக்காவின் சியாட்டில் நகரை உள்ளடக்கிய கிங் கவுண்டியில், அழைப்பை ஏற்பவரே நெஞ்சை அழுத்தச் சொல்லித்தரும் முறை 1980களிலேயே வந்துவிட்டது. ஆவடியில் ஒரு மகள் 108ஐ அழைத்து 'அப்பா எழுந்திருக்கவே மாட்டேங்குறார்' என்கிறபோது, முகவரியைக் கேட்டு முடித்த கையோடு சொல்ல வேண்டியவை சில வாக்கியங்களே: 'ஃபோனை ஸ்பீக்கர்ல போடுங்கம்மா. அப்பாவைத் தரையில மல்லாக்கப் படுக்க வைங்க. நடு நெஞ்சுல ரெண்டு கையையும் ஒண்ணுமேல ஒண்ணு வச்சு நல்லா அழுத்துங்க. நான் எண்ணுறேன், நிறுத்தாதீங்க.'